குடிக்காதவர் விட்ட குடி

டாக்டர் யூஜின் பொறுமையான மனுஷன். சிவசாமியையும் அவர் மனைவி திலகவதியையும் எதிரே உட்காரவைத்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாயாகச் சொன்னார். மல்லாக்கப் படுக்க வேண்டும். முதலில் கழுத்துத் தோல் மரத்துப்போக ஒரு பொடி ஊசி. அப்புறம் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே கழுத்தின் வலது பக்கம், ஒரு நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில் மருந்தை விடுவார். ஆபத்து வருது, ஓடு ஓடு என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற நரம்பு அது. ஆபத்து போய் வருஷங்கள் ஆனபிறகும் சிலருக்கு அது வாயை மூடுவதில்லை. கொஞ்ச நேரம் அதை மரக்கவைத்தால் உடம்பு ஆசுவாசப்படும். சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்கு அரைகுறை, சிலருக்கு ஒன்றுமே இருக்காது. கேட்டாலும் பலன் தேய்ந்து போகலாம், இரண்டாவது ஊசி தேவைப்படலாம். எதுவானாலும் ஆஸ்பத்திரி கவுன்சலிங்கை விட்டுவிடக் கூடாது.

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்ட பக்கம் கண்ணிமை தொங்கிவிடும். கண் சிவக்கும், மூக்கு அடைக்கும், குரல் கரகரக்கும், முகமும் கையும் சூடாகும். பயப்பட வேண்டாம். மருந்து சரியான இடத்துக்குப் போனதற்கு அந்தத் தொங்கல்தான் அடையாளம், சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். தொண்டை தெளிகிறவரை தண்ணீரைக்கூட சின்னச் சின்ன மடக்காகத்தான் குடிக்க வேண்டும்.

இத்தனையும் கேட்ட திலகவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கண்ணு எத்தன மணிக்கு மேல ஏறும் டாக்டர்?"

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய. மகள் தாரணிக்கு ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நல்ல சம்பந்தம் கூடி வந்திருந்த நேரம். நம் ஆட்களைத்தான் தெரியுமே. சர்க்கரை வியாதி என்றால் கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் மாத்திரை டப்பாவைத் திறந்து, ஊருக்கே காட்டி முழுங்குவார்கள். இருதயத்தில் அடைப்பு என்றால் எத்தனை அடைப்பு என்று போட்டி போட்டுச் சொல்வார்கள். மனசுக்கு வைத்தியம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் முடிந்தது கதை. பெண்ணுக்கும் வரும், பேரனுக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டே தாம்பூலத்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் திலகவதி அக்கம்பக்கத்தில் கழுத்து வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். ஊசியும் கழுத்தில்தானே போடுகிறார்கள். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவன் தமிழர்களை நன்றாகப் புரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

சிவசாமி ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், வேலையாட்களை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு திரும்பும்போது, ஒரு சந்தியில் மோட்டார் சைக்கிள் ஒன்று சறுக்கிக்கொண்டு வந்து அவர் பஸ்ஸுக்கடியில் போய்விட்டது. ஓட்டிவந்த பையன் பிழைக்கவில்லை. சிவசாமிமேல் தப்பில்லை என்று போலிஸே எழுதிக்கொடுத்தது. ஆனால் போலிஸ் எழுதிக்கொடுத்தது உடம்புக்குத் தெரியவில்லையே. மழை பெய்தால் கை நடுங்கியது. எவனாவது பிரேக் போட்டால் சட்டை நனைந்தது. தூக்கத்தில் கத்தினார், எழுந்து உட்கார்ந்துகொண்டார். முதலாளி நல்லவர், வேலையைவிட்டு அனுப்பாமல் கேட்டருகே காவலுக்கு கார்டாக உட்காரவைத்தார். திலகவதி வாசலில் பூசணிக்காய் உடைத்தாள், கயிறு மந்திரித்துக் கட்டினாள், கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். சிவசாமி கேட்டதெல்லாம் பெரிய வரமில்லை. விடியும்வரை தூங்க வேண்டும், திரும்ப ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி போட்டார்கள். வலி என்று சொல்ல முடியாது, கழுத்துக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் வலது காது சூடானது, கை சூடானது, தொண்டையில் ஏதோ உருண்டை நின்றது. நர்ஸ் கண்ணாடியைக் காட்டினாள். வலது கண் பாதி மூடி, சிவந்து, பார்க்கவே சகிக்கவில்லை. யூஜினுக்கோ ஒரே சந்தோஷம். நல்லா தொங்கிருச்சு அண்ணே என்று தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டக் கூடாது என்று திலகவதியிடம் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

பாச்சாங் சிக்னலில் அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டது. திலகவதி துள்ளி விழுந்தாள். சிவசாமி அசையவில்லை. உடம்புக்குள் எப்போதும் எரிந்துகொண்டிருந்த அடுப்பை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனால் இருக்கிற கண் லட்சணத்தில் அழவேறு வேண்டுமா என்று அடக்கிக்கொண்டார்.

புக்கிட் காத்தில் பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்து இறங்கினால், வாசல் போர்ச்சில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்புசாமி எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்றவர், அங்குள்ள முனீஸ்வரர் கோயிலுக்குத் தலைவர். மனைவி இந்திராதேவி அந்தத் தலைவருக்கும் தலைவி. மாப்பிள்ளை திலீபன் ஜொகூரில் வேலையாக இருந்ததால் இவர்கள் மட்டும் கிளேபாங்கில் தேங்காய் ஷேக் குடிக்கப் போன கையோடு, கல்யாண மண்டபத்துக்குத் தேதி கிடைத்துவிட்டதைச் சொல்ல வந்திருந்தார்கள். தாரணி பிஸ்கட்டை வைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றாள்.

சிவசாமி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினார். ஒரு கண் தொங்குகிறது. சிவந்திருக்கிறது. முகம் ஜிவுஜிவு என்றிருக்கிறது. வாங்க சம்பந்தி என்று சொல்ல வாயெடுத்தார், தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. தம்புசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்திராதேவி திலகவதியைச் சமையற்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் மெதுவாக ஒன்று கேட்டாள். "சம்பந்தி தண்ணி போடுவாராம்மா?"

திலகவதிக்கு யோசிக்க நேரமில்லை. ஒரு பக்கம் குடிகாரன், ஒரு பக்கம் மூளைக்கோளாறு. எது வேண்டும், சீக்கிரம் சொல்லு. "எப்பவாச்சும் கொஞ்சம்," என்றாள்.

அந்த மனுஷன் தன் ஆயுசில் ஒரு துளி தொட்டதில்லை. பஸ் டிரைவர், எப்படித் தொடுவார். ஹாலில் இருந்தபடி அதைக் கேட்டு மறுக்க வாயைத் திறந்தார், மறுபடியும் தகரம் சுரண்டியது.

இந்திராதேவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படியொரு நிம்மதி. ராத்திரியில் கத்துகிறாராம், மூளையில் கோளாறாம் என்று யாரோ அவள் காதில் ஓதிவிட்டிருக்கிறார்கள். அதை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்ததே, தேதியெல்லாம் சாக்கு. நல்லவேளை, தண்ணிதானா. தம்புசாமி எழுந்து வந்து சிவசாமியின் முதுகில் தட்டினார். ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும் என்றார். தானும் தினம் ரெண்டு போத்தல் ஸ்டவுட் பீர் போடுவதாகவும், அது மூட்டுக்கு மருந்து என்பதால் கணக்கில் வராது என்றும் சொன்னார். அதுவரை சம்பந்தி என்று எட்ட நின்றவர் அன்றைக்குத்தான் தோளில் கை போட்டார்.

ஆனால் தலைவர் இல்லையா, ஒரு நிபந்தனையும் போட்டார். தாலி ஏறுவதற்கு முன்னால் சம்பந்தி முனீஸ்வரர் சன்னதியில் குடியை விடுவதாகச் சத்தியம் பண்ணிவிட வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எஸ்டேட்டின் செம்பனைக் காட்டு ஓரத்தில் முனீஸ்வரர் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் காலடியில் எலுமிச்சம்பழம், சுருட்டு, இரண்டு ஸ்டவுட் போத்தல். அந்தப் போத்தலுக்கு முன்னால் நின்றுதான் சிவசாமி இனிமேல் குடிப்பதில்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். சத்தியத்தில் ஒரு வார்த்தை பொய்யில்லை, அந்தமட்டில் அவருக்கும் சாமிக்கும் தகராறில்லை. இத்தனை லேசாகக் காப்பாற்றக்கூடிய சத்தியத்தை எவனும் பண்ணியிருக்க மாட்டான்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஊசி வேலை செய்தது. சிவசாமி விடியும்வரை தூங்கினார். மழையில் குடை பிடித்துக் கடைக்குப் போனார். சாப்பிட்டார், கன்னம் சதை போட்டது, தாரணியிடம் ஜோக்கடித்தார். பார்த்தவர்களெல்லாம், பாத்தீங்களா, தண்ணியை விட்டதும் முகம் எப்படித் தெளிஞ்சிருச்சு என்றார்கள். முனீஸ்வரருக்குப் பேர் வந்தது, தம்புசாமிக்குப் பேர் வந்தது. யூஜின் பேரைச் சொல்ல ஆளில்லை. அவர்கள் குடியிருந்த தமானில் பெண்கள் புருஷன்மார்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அண்ணே நீங்களாச்சும் இவருக்குப் புத்தி சொல்லுங்க என்று முன்னால் நிறுத்தினார்கள். பாச்சாங்கில் ஒரு சங்கத்துக்காரர்கள் மதுவொழிப்புக் கூட்டத்துக்கே கூப்பிட்டு மாலை போட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடித்த சிவசாமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆரம்பிக்காமல் இருந்தால் விடுவது சுலபம் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

திலகவதியும் நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பதுதான் இதில் உச்சம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், அவர் குடிச்ச காலத்துல நான் பட்ட பாடு இருக்கே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். சிவசாமி அதைக் கேட்டுக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

டாக்டர் சொன்னது சொன்னபடி, பலன் தேய ஆரம்பித்தது. முதலில் தூக்கம் பாதியானது. அப்புறம் மழை இருட்டினாலே எழுந்துபோய் ஜன்னலையெல்லாம் சாத்தினார். ஒருநாள் விடிகாலையில் பழையபடி கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மறுநாளே இந்திராதேவி பலாப்பழத்தோடு வந்து, பேசுகிற சாக்கில் நெருங்கி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள். சேதி அவ்வளவு வேகமாக ஜாசின்வரை போயிருக்கிறது.

இரண்டாவது ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று திலகவதியிடம் கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

"கல்யாணம் முடியட்டும்ங்க. இப்ப கண்ணு தொங்கினா, சாமி முன்னால பண்ண சத்தியத்தையே முறிச்சிட்டாருன்னு சொல்லுவாங்க. குடிச்சா மன்னிச்சிருவாங்க. சத்தியத்த மீறினா பொண்ணு எடுக்க மாட்டாங்க."

அவள் சொன்னது நியாயம்தான், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இருந்திருப்பார், தம்புசாமி சும்மா இருந்திருந்தால். அந்த மனுஷனுக்குத் திருந்திய சம்பந்தியை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். ஒரு பூஜையில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, எஸ்டேட் சனத்தைக் கல்யாண மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போக பஸ் பிடித்தாயிற்று என்றும், அதை ஓட்டப்போவது நம்ம சிவசாமிதான் என்றும் அறிவித்துவிட்டார். சனம் கைதட்டியது. கிழவிகள் ஆசீர்வாதம் பண்ணினார்கள்.

சிவசாமி பழைய முதலாளியிடம் கேட்டு, ஃபேக்டரி வளாகத்துக்குள்ளேயே ஒரு பஸ்ஸை எடுத்துப் பார்த்தார். லேசான தூறல். எஞ்சின் சத்தம் கேட்டதும் ஆசையாகத்தான் இருந்தது. கேட்டை நெருங்கும்போது வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே போனது. அவ்வளவுதான், இரண்டு காலும் கட்டையாகிவிட்டன. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. பஸ் தானாக ஊர்ந்துபோய்ப் பூந்தொட்டியில் முட்டி நின்றது. கீழே இறங்கிப் பின்சக்கரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே சனம் இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்த எஸ்டேட்டில் இருக்கிற பிள்ளைகுட்டியெல்லாம் இதில்தானே ஏறும் என்று நினைத்தார். மழை நின்றபிறகும் அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

திலகவதியிடம் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு யூஜினிடம் போனார். தாரணி எதுவும் கேட்கவில்லை, அந்த வீட்டில் வளர்ந்தவள் இல்லையா. மல்லாக்கப் படுத்தார், கழுத்து மரத்தது, காது சூடானது, கண் தொங்கியது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், கரகர குரலில், "ஜாசினுக்கு விடும்மா," என்றார்.

"கண்ணு சரியாகட்டும்ப்பா. நாளைக்குப் போலாம் லா."

"சரியாகறதுக்குள்ளதான் போவணும்."

தாரணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வண்டியைத் திருப்பினாள். கல்யாணம் அவளுடையது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

தம்புசாமி வீட்டு வாசலில் சிவசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். இந்திராதேவி அந்தக் கண்ணைப் பார்த்ததுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"சம்பந்தி, நான் குடிக்கல. எப்பவுமே குடிச்சதில்ல," என்றார். குரல் உடைந்து உடைந்து வந்தது. "என் பஸ்ஸுல மாட்டி ஒரு பையன் செத்துட்டான். அதுலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல. மனசுக்குத்தான் வைத்தியம் பாக்கறேன். இந்தக் கண்ணு அந்த ஊசியால வந்தது. பஸ்ஸ என்னால ஓட்ட முடியாது. ஓட்டுனா ஆளக் கொன்னுருவேன்."

தாரணி கதவோரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தம்புசாமி எழுந்து கிட்டே வந்தார். தொங்குகிற கண்ணைப் பார்த்தார், சிவந்த முகத்தைப் பார்த்தார். குனிந்து மோந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் கழுத்தில் துடைத்த மருந்து வாடை இன்னும் போகவில்லை. குப்பென்று ஸ்பிரிட் வாடை.

தம்புசாமியின் முகம் கனிந்துவிட்டது. இரண்டு கையாலும் சிவசாமியின் தோளைப் பிடித்தார்.

"குடிச்சவன் எவன் சம்பந்தி குடிச்சேன்னு சொல்லியிருக்கான்? விடுங்க. நம்ம சாமி கோவக்காரர்தான், ஆனா நம்ம கஷ்டம் தெரிஞ்சவர்."

வரும் வெள்ளிக்கிழமை இன்னொரு கற்பூரம் அடித்துவிட்டால் போதும் என்றார். பஸ்ஸுக்கு வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், இந்த நிலைமையில் உள்ளவரிடம் சனத்தை நம்பி ஏற்றிவிட முடியாது பாருங்கள். கல்யாணத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இந்திராதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தண்ணி உள்ளே போனால்தான் ஆம்பளைங்களுக்கு மனசு திறக்குது என்று சொல்லி, எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொண்டுவந்தாள். போதை தெளிவதற்காம். சிவசாமி அதைச் சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார். வேறென்ன செய்வார், பாவம். தன் வாழ்க்கையிலேயே பெரிய உண்மையைச் சொல்லிவிட்டுப் போதையில் உளறியதாக மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் ஏறியபிறகு தாரணி எஞ்சினை முடுக்கவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை, மண் ரோட்டில் ஒரு ஆள் இல்லை. அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, போலாம்மா என்றார். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பையன் பேரு என்னப்பா?"

அந்தப் பேரையும் நடந்ததையும் சிவசாமி சொல்லியிருக்கிறார், போலிஸிடம், ஆஸ்பத்திரி கவுன்சலரிடம், எல்லாம் மலாயில். மலாயில் சொன்னபோது அது வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது, வாய் பாட்டுக்குச் சொன்னது. தமிழில் இதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை.

"கிஷன்," என்றார். "நம்ம பையன்தான்மா. உன் வயசுதான் இருக்கும். நான் இறங்கி ஓடினப்ப கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அங்கிள், அம்மாக்குப் போன் போடுங்கன்னான். போட்டுர்றேன்யா, நம்பரச் சொல்லுன்னேன். போன எடுத்து வச்சிக்கிட்டு நின்னேன். பாதி நம்பர்தான் சொன்னான்."

தாரணி அவர் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரி அதத்தான்மா கேட்டுக் கத்துறேன். மிச்சத்தையும் சொல்லுய்யா, சொல்லுய்யான்னு."

அவள் அப்பாவின் சூடான வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மீதியையும் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.